லிஃப்ட் கிட் பெட்டிக்குள் இல்லாத செலவு: பழைய 4×4 வண்டிகளின் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டுக்கு விற்கும் நான்கு தீர்வுகள்

வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட்டின் பெட்டியைத் திறந்தால் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், யூ போல்ட், புஷ் எல்லாம் இருக்கும். விளக்கத் தாளின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரியும் இருக்கும்: "டிரைவ் ஷாஃப்டில் மாற்றம் தேவைப்படலாம்." சுழற்சியை ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைத்தான் அது சொல்கிறது. வாங்குபவர் அதைப் படிப்பதில்லை. வண்டியை உயர்த்தி 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் தரை உதறும்போதுதான் அந்த வரி ஞாபகத்துக்கு வரும்.

அந்த உதறலுக்கு மருந்தாகச் சந்தையில் நான்கு பொருள்கள் கிடைக்கின்றன. டிரான்ஸ்ஃபர் கேஸைக் (சக்தியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) கீழே இறக்கும் ஸ்பேசர், ஆக்சிலைத் திருப்பும் ஆப்பு, ஸ்லிப் யோக்கை (ஷாஃப்டின் தலையில் உள்ள சறுக்கும் இணைப்பு) நீக்கும் கிட், ஒரு முனையில் இரட்டை ஜாயிண்ட் உள்ள டபுள் கார்டன் ஷாஃப்ட். தீர்ப்பு இதுதான். ஸ்பேசர் 2 அங்குலத்துக்கு மேல் உதவாத ஒட்டுவேலை. ஆப்பு எஃகில் இருந்தால், சரியான இடத்தில் போட்டால், கொடுத்த காசுக்கு மேல் வேலை செய்யும். குட்டை வீல்பேஸ் வண்டியை 3 அங்குலத்துக்கு மேல் தூக்குகிறவர்கள் கடைசி இரண்டையும் சேர்த்தே வாங்க வேண்டும், ஒன்றை மட்டும் வாங்கினால் அரைக்கிணறு தாண்டிய கதைதான். பாடி லிஃப்ட் போடுகிறவர்கள் இதை மேலும் படிக்கத் தேவையில்லை. அதில் கூடு மட்டும்தான் சேசிஸை விட்டு உயர்கிறது, ஷாஃப்டின் கோணம் இம்மிகூட மாறாது.

பிரச்சினையின் அளவை ஒரு கணக்கு காட்டும். டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் பின் பினியனுக்கும் (ஷாஃப்ட் போய்ச் சேரும் ஆக்சில் கியர்) இடையே கிடைமட்டத் தூரம் 90 சென்டிமீட்டர், உயர வித்தியாசம் 15 என்று வைத்துக்கொள்வோம். ஷாஃப்டின் சரிவு 9.5 டிகிரி. 10 சென்டிமீட்டர், அதாவது சுமார் 4 அங்குலம் தூக்கினால் அது 15.5 ஆகும், ஷாஃப்ட் 22 மில்லிமீட்டர் நீண்டாக வேண்டும். இதே லிஃப்டை, தூரம் 50, உயர வித்தியாசம் 12 உள்ள குட்டை வண்டியில் போட்டால் 13.5 டிகிரியாக இருந்த சரிவு 23.7க்குப் போகிறது, நீட்சி 32 மில்லிமீட்டர். ஒரே பெட்டி, ஒரே உயரம், ஒன்றுக்கு லேசான முனகல், மற்றதற்கு ஓட்டவே முடியாத உதறல். 2,372 மில்லிமீட்டர் வீல்பேஸ் உள்ள ஜீப் டிஜே ராங்ளரும் 2,576 உள்ள எக்ஸ்ஜே செரோக்கியும் ஏறக்குறைய ஒரே டிரான்ஸ்ஃபர் கேஸோடு வந்தாலும் லிஃப்டுக்கு வேறு வேறு விதமாக முரண்டு பிடிப்பது இதனால்தான். "என் நண்பர் வண்டியில் ஒன்றும் ஆகவில்லையே" என்ற வாதம் வீல்பேஸும் ஷாஃப்ட் நீளமும் ஒன்றாக இருந்தால் மட்டுமே செல்லும்.

கோணம் ஏன் உதறலாகிறது? ஷாஃப்டின் முனையில் உள்ள சாதாரணக் கிராஸ் ஜாயிண்ட் (சிலுவை வடிவ மூட்டு) வளைந்த நிலையில் சுற்றும்போது உள்ளே வரும் வேகமும் வெளியே போகும் வேகமும் ஒன்றாக இருக்காது. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் ஏறி இறங்கும். 7 டிகிரியில் இந்த ஏற்ற இறக்கம் முக்கால் சதவீதம்தான், உடம்புக்குத் தெரியாது. 20 டிகிரியில் அது மேலும் கீழும் 6 சதவீதத்துக்கு மேல். டிரான்ஸ்ஃபர் கேஸ் நிதானமாக நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றும்போது ஷாஃப்டின் குழாய் 1,879க்கும் 2,128க்கும் இடையே அலைபாய்கிறது, அதுவும் நொடிக்கு 67 முறை. மறுமுனை ஜாயிண்டில் அதே கோணம் இருந்தால் இந்த அலைச்சல் பினியனுக்குப் போகாமல் அடங்கிவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. பினியனுக்குத்தான் நிம்மதி. நடுவே இருக்கும் குழாய் அப்போதும் வேகம் ஏறி இறங்கித்தான் சுற்றுகிறது, அதன் எடை இரு பக்கப் பேரிங்குகளையும் அடித்துக்கொண்டேதான் இருக்கும். இரு முனையிலும் 15 டிகிரி சமமாக வைத்துவிட்டு "கோணம் சமம்தானே, பிறகு ஏன் அதிர்கிறது" என்று குழம்புகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

ஜாயிண்ட் தயாரிக்கும் ஸ்பைசரின் அட்டவணை சாதாரண ஜாயிண்டுக்கு வைக்கும் வரம்பு வேகத்தைப் பொறுத்தது: 5,000 சுற்றில் 3.25 டிகிரி, 3,000 சுற்றில் ஏறக்குறைய 5.8, 2,000 சுற்றில் 8.7. 31 அங்குல டயரும் 4.10 ஆக்சில் விகிதமும் உள்ள வண்டி 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஷாஃப்ட் சுமார் 2,850 சுற்று சுற்றும், வரம்பு 6 டிகிரியை ஒட்டி வந்துவிடும். குட்டை வண்டிகள் ஆலையிலிருந்து வரும்போதே இந்த விளிம்பில்தான் நிற்கின்றன. அதனால்தான் 2 அங்குலம்கூட அவற்றுக்குப் பொறுப்பதில்லை. கோணம் சுழியமாக இருப்பதும் நல்லதல்ல. ஜாயிண்டுக்குள் இருக்கும் ஊசி பேரிங்குகள் உருள அரை டிகிரியாவது அசைவு வேண்டும், இல்லாவிட்டால் ஒரே இடத்தில் நின்று கிராஸின் தண்டில் கோடு கோடாகக் குழி போட்டுவிடும்.

எதையும் வாங்கும் முன் அளந்துவிட வேண்டும். ஸ்பிரிங் மாற்றிச் சில நூறு கிலோமீட்டர் ஓடி, ஸ்பிரிங் பட்டைகள் அமர்ந்த பிறகு, சமதளத்தில் நான்கு சக்கரமும் தரையில் இருக்க, வழக்கமான சுமையோடு அளக்கவும். ஜாக்கில் தொங்கவிட்டு எடுத்த அளவு குப்பைக்குத்தான் போகும். காந்தம் வைத்த டிஜிட்டல் கோணமானி ஒன்று போதும். டிரான்ஸ்ஃபர் கேஸின் பின் யோக் (ஜாயிண்டைப் பிடிக்கும் கவை), ஷாஃப்ட் குழாய், பினியன் யோக் ஆகிய மூன்று இடங்களின் சரிவைக் குறிக்கவும். யோக்கில் அளக்கும்போது கடைசல் போட்ட தட்டையான முகத்தில் வைக்கவும், வார்ப்பில் வைத்தால் ஒன்றிரண்டு டிகிரி பொய் சொல்லும். ஜாயிண்ட் கோணம் என்பது அடுத்தடுத்த இரண்டு சரிவுகளின் வித்தியாசம். கேஸ் 4 டிகிரி கீழ்நோக்கி, ஷாஃப்ட் 15.5 டிகிரி கீழ்நோக்கி என்றால் முன் ஜாயிண்ட் 11.5. பினியன் மூக்கு 4 டிகிரி மேல்நோக்கி இருந்தால் பின் ஜாயிண்டும் 11.5. சமம், ஆனால் வேகமாக ஓட்டுகிறவருக்கு அதிகம்.

இனி பொருள்கள்.

டிரான்ஸ்ஃபர் கேஸ் ஸ்பேசர் விலை மலிவானது, மாட்டுவதும் சுலபம். கிராஸ் மெம்பருக்கும் சேசிஸுக்கும் நடுவே 25 மில்லிமீட்டர் உயரக் குழாய்த் துண்டுகளும் நீளமான போல்ட்டுகளும், அவ்வளவுதான். மேலே சொன்ன குட்டை வண்டியில் அது முன் ஜாயிண்டின் கோணத்தைத் தோராயமாக 4 டிகிரி குறைக்கும், 20 டிகிரி 16 ஆகும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் 16ம் அதிகம்தான். அதற்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள். காசு செலவழித்து 4 அங்குலம் தூக்கிய வண்டியின் வயிறு 1 அங்குலம் இறங்கிவிடும், அதுவும் பாறையில் முதலில் இடிக்கும் இடத்தில். எஞ்சின் பின்பக்கம் சாய்வதால் முன்னால் ஃபேன் மேலே ஏறி உறையில் உரசும். 4-லோ (மெதுவான நான்கு சக்கர இயக்கம்) நெம்புகோலின் கம்பி இணைப்பு கோணம் மாறி, கியர் பாதியில் நின்றுவிடும் அல்லது தானாக வெளியே குதிக்கும். சைலன்சர் குழாயும் இழுபடும். கேஸ் சாய்ந்ததால் பினியனோடு இருந்த இணை நிலையும் ஒன்றரை டிகிரி கெட்டுப்போகும், அதைச் சரிசெய்யத் தனியாக ஆப்பு வேண்டும். சுசுகி சாமுராய் போல டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர் பாக்ஸிலிருந்து பிரிந்து தனியே ரப்பரில் தொங்கும் வண்டிகளில் இந்த வேலையே கூடாது. கேஸை இறக்கினால் இடையில் உள்ள குட்டி ஷாஃப்ட் கோணலாகி, ஒரு பிரச்சினை போய் இரண்டாகும். 2 அங்குல லிஃப்டில் லேசான முனகலை அடக்க, பெரிய வேலைக்குப் பணம் சேரும்வரை தற்காலிகமாகப் போட்டால் குற்றமில்லை.

ஆப்பு விஷயத்தில் ஒரே விதி: எஃகு. அலுமினிய ஆப்புகள் பட்டை ஸ்பிரிங்கின் ஆட்டத்தில் நசுங்கும், வெடிக்கும், ஒருநாள் மொத்தமாக வழுக்கி வெளியே வந்துவிடும். அப்போது யூ போல்ட் தளர்ந்து ஆக்சில் நகரும். 2, 4, 6 டிகிரிகளில் கிடைக்கும். 6க்கு மேல் தேவைப்பட்டால் ஆப்பை அடுக்கக் கூடாது, ஆக்சிலில் ஸ்பிரிங் அமரும் இருக்கையை வெட்டித் திருப்பிப் பற்றவைப்பதே சரி. எந்தப் பக்கம் தடித்த முனை என்பதில்தான் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். பின் ஆக்சிலின் மேல் பட்டை உட்கார்ந்திருந்தால், பினியனை மேலே தூக்கத் தடித்த முனை வண்டியின் பின்பக்கம் இருக்க வேண்டும். பட்டை ஆக்சிலுக்குக் கீழே ஓடும் வண்டிகளில், உதாரணமாக ஜீப் ஒய்ஜேயில், இது தலைகீழ்: தடித்த முனை முன்பக்கம். பட்டையின் நடு போல்ட் தலை ஆப்பின் தடிமனையும் தாண்டி இருக்கையின் துளைக்குள் இறங்குகிறதா என்று பார்க்கவும். இறங்காவிட்டால் நீளமான போல்ட் போட வேண்டும். பழைய யூ போல்ட்டை மீண்டும் போடவே கூடாது, ஒருமுறை இறுக்கிய மரை ஏற்கெனவே நீண்டிருக்கும். பினியன் மூக்கு அதிகம் உயர்ந்தால் ஆக்சில் ஆயில் பின்பக்கம் ஒதுங்கும், முன்னால் இருக்கும் பினியன் பேரிங் வறண்டுபோகும். நிரப்பும் துளையின் மட்டத்துக்குச் சற்று மேலே வருமாறு கூடுதல் ஆயில் விடுவது வழக்கம்.

ஸ்லிப் யோக் நீக்கும் கிட் எதற்கு? என்.பி. 231 போன்ற கேஸ்களில் பின் ஷாஃப்டின் தலையில் உள்ள யோக், கேஸிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தண்டின் மேல் சறுக்கி நீளத்தைச் சமாளிக்கிறது. லிஃப்ட் அந்த யோக்கை 3 சென்டிமீட்டர் வெளியே இழுத்துவிட்டால் பல்லில் பிடிப்பு குறையும், யோக் ஆட ஆரம்பிக்கும், ஆயில் சீல் கிழியும், கேஸின் வால் பகுதி ஆயிலைக் கக்கும். நீண்ட வால் ஷாஃப்டின் நீளத்தைத் தின்றுவிடுவதால் கோணமும் கூடுகிறது. கிட் இந்த வாலை வெட்டிவிட்டு நிலையான யோக் வைக்கிறது. சறுக்கும் பகுதி ஷாஃப்டுக்குள்ளேயே வந்துவிடும், ஷாஃப்டும் நீளமாகும். 2003 முதல் வந்த ரூபிகான் ராங்ளரில் ஆலையிலிருந்தே நிலையான யோக்தான், அதற்கு இந்தச் செலவு கிடையாது.

இதில் இரண்டு வகை. மலிவான வகையில் இருக்கும் தண்டையே வெட்டி, முனையில் துளையிட்டு, மரை கடைந்து, போல்ட்டால் யோக்கைப் பிடிக்கிறார்கள். கேஸைப் பிரிக்க வேண்டாம் என்பது அதன் கவர்ச்சி. ஆனால் அந்தத் தண்டு கடினப்படுத்திய எஃகு. சாதாரண டிரில் பிட் கருகிவிடும், கோபால்ட் பிட்டும் வெட்டு எண்ணெயும் பொறுமையும் வேண்டும். துளை மையத்தை விட்டு அரை மில்லிமீட்டர் விலகினாலும் போல்ட் தலை கோணலாக உட்காரும். வெட்டும்போது பறக்கும் இரும்புத் தூள் கேஸுக்குள் போகாமல் துணியும் டேப்பும் வைத்து அடைப்பது வேலையில் பாதி. முடிந்த பிறகும் பழைய தண்டின் வலிமைதான், ஒரு பொட்டு கூடவில்லை. நெடுஞ்சாலையில் ஓடி, எப்போதாவது மண் சாலைக்குப் போகும் வண்டிக்கு இது போதும்.

முழு கிட்டில் மெயின் ஷாஃப்டே மாறும், பெரும்பாலும் 32 பல் கொண்ட தடித்த தண்டு. கேஸைத் திறந்து, செயினை எடுத்து, எல்லாவற்றையும் புதுத் தண்டுக்கு மாற்ற வேண்டும். சர்க்ளிப் பிளயரும் ரப்பர் சுத்தியும் சுத்தமான மேசையும் இருந்தால் ஒரு நாள் வேலை. இதில் நடக்கும் பெரிய விபத்து மிகச் சிறிய பொருளால் வரும். ஆயில் பம்ப்புக்குள் செருகும் உறிஞ்சு குழாயின் முனையில் ஒரு ஓ-ரிங் இருக்கிறது. கேஸை மூடும்போது அது நழுவிக் கீழே விழும், யாருக்கும் தெரியாது. பம்ப் காற்றை உறிஞ்சும், பின் பேரிங்குக்கு ஆயில் போகாது, கொஞ்ச நாளில் கேஸ் ஊளையிடும். அந்த ஓ-ரிங்கைக் கிரீஸ் தடவி ஒட்டவைத்து, மூடும்போது டார்ச் அடித்துப் பார்க்கவும். சுமார் 1 லிட்டர் ஏ.டி.எஃப் (ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஆயில்) பிடிக்கும், கியர் ஆயில் விடக் கூடாது. கிட்டோடு வரும் காகித விளக்கம் பல நேரங்களில் புகைப்பட நகலின் நகலாக இருப்பது ஒரு குறை. கேஸின் சர்வீஸ் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

நிலையான யோக் வந்ததும் டபுள் கார்டன் ஷாஃப்டுக்கு வழி திறக்கிறது. இதன் மேல்முனையில் இரண்டு கிராஸ்கள் அடுத்தடுத்து, நடுவே மையப்படுத்தும் பந்து. இரண்டும் கோணத்தைப் பாதி பாதியாகப் பங்கிட்டு ஒன்றின் அலைச்சலை மற்றது அந்த இடத்திலேயே அடக்கிவிடும், குழாய் சீராகச் சுற்றும். இதற்கு நிபந்தனை: பினியன் கேஸுக்கு இணையாக இல்லாமல் ஷாஃப்டை நேராகப் பார்க்க வேண்டும், கீழ் ஜாயிண்டில் 1 முதல் 2 டிகிரிதான் இருக்கலாம். பட்டை ஸ்பிரிங் வண்டியில் முறுக்கு ஏறும்போது ஆக்சில் திரும்பிப் பினியன் மூக்கைத் தூக்கும் என்பதால், நிற்கும்போது ஒன்றிரண்டு டிகிரி தாழ்த்தியே வைக்கவும். டபுள் கார்டனை வாங்கி மாட்டிவிட்டுப் பினியனைப் பழைய கோணத்திலேயே விடுவதுதான் இந்தப் பொருளுக்கு மோசமான பெயர் வாங்கித் தரும் தவறு. மேலே அடங்கிய அலைச்சலைக் கீழே உள்ள ஒற்றை ஜாயிண்ட் மறுபடி உண்டாக்கும், அதை அடக்க அங்கே துணை இல்லை. உதறல் முன்பைவிட மோசமாகும். காயில் ஸ்பிரிங் வண்டி என்றால் நீளம் மாற்றக்கூடிய மேல் கன்ட்ரோல் ஆர்ம்களையும் சேர்த்துத்தான் செலவுக் கணக்குப் போட வேண்டும்.

ஷாஃப்ட் ஆர்டர் செய்யும்போது கேட்கும் அளவு, வண்டி சக்கரத்தில் நிற்கும் நிலையில் கேஸ் யோக்கின் முகத்திலிருந்து பினியன் ஜாயிண்டின் மையம் வரை. ஸ்லிப் யோக் நீக்கி, பினியனைத் திருப்பிய பிறகே எடுக்கவும், பினியன் திரும்பினால் நீளமும் மாறும். ஜாயிண்டின் அளவு வரிசை எண்ணையும் சரிபார்க்கவும். 1310 கிராஸின் அகலம் 81.8 மில்லிமீட்டர், 1330 ஆனால் 92.1. இரண்டுக்கும் பேரிங் கிண்ணத்தின் விட்டம் 27 மில்லிமீட்டரேதான், அதனால் கையில் எடுத்துப் பார்த்தால் ஒன்று போலவே தோன்றும். எக்ஸ்ஜே செரோக்கியின் பழைய முன் ஷாஃப்டை எடுத்துப் பின் ஷாஃப்டாகப் போடும் மலிவு வழி ஒன்றும் உண்டு. நீளம் பொருந்தினால் தாராளமாகப் போடலாம், ஆனால் சறுக்கும் பல்லில் ஆட்டம் இருக்கிறதா என்று கையால் முறுக்கிப் பார்த்துவிட்டு வாங்கவும்.

முன் ஷாஃப்டைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். பகுதிநேர 4×4இல் முன் ஹப் (சக்கரத்தை ஆக்சிலோடு பூட்டும் பாகம்) திறந்திருந்தால் அது சுற்றாது, பிழைத்தது. லேண்ட் குரூசர் 80 போல எப்போதும் நான்கு சக்கரமும் இயங்கும் வண்டியில் முன் ஷாஃப்ட் ஓய்வின்றிச் சுற்றுவதால் உதறல் அங்கிருந்தும் வரும். இதில் ஒரு இழுபறி உண்டு. லிஃப்ட் போட்டதும் காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சின் பின்சாய்வு) குறைந்து ஸ்டீயரிங் அலையும். அதைச் சரிசெய்ய ஆக்சிலைத் திருப்பினால் முன் பினியனின் மூக்கு கீழே போகும், ஷாஃப்ட் கோணம் இன்னும் கெடும். ஒன்றைக் கொடுத்துத்தான் மற்றதை வாங்க முடியும். முழு மனதோடு இரண்டும் வேண்டுமென்றால் நக்கிளை (முன் சக்கரம் திரும்பும் மூட்டு) வெட்டித் திருப்புவது மட்டுமே வழி, அது எல்லோருக்கும் ஆன வேலையல்ல. முன் ஆக்சிலுக்கு லிஃப்ட் கட்டை (ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே செருகும் உயரத் துண்டு) வைக்கவே கூடாது. பிரேக் பிடிக்கும்போது ஆக்சில் அதன் மேல் உருளப் பார்க்கும்.

நீண்ட வீல்பேஸ் பிக்கப்களில் ஷாஃப்ட் இரண்டு துண்டு, நடுவில் ரப்பரில் தொங்கும் பேரிங். அவை நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது மட்டும் நடுங்கும். பேரிங் தாங்கியை 12 முதல் 25 மில்லிமீட்டர் இறக்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும். முன் சக்கரங்கள் தனித்தனி சஸ்பென்ஷனில் உள்ள வண்டிகளில் பாரம் விழுவது ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் மேல் அல்ல, சக்கரத்துக்குப் போகும் அரை ஷாஃப்ட்டின் மேல். அங்கே முதலில் கிழிவது ரப்பர் பூட்.

மாட்டிய பிறகு சேசிஸை ஜாக்கில் தூக்கி சக்கரங்களை முழுக்கத் தொங்கவிட்டு, ஷாஃப்டைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றவும். எங்காவது இறுகினால் யோக்கின் காது காதோடு முட்டுகிறது. அங்கே பளபளவென்று தேய்ந்த தழும்பு தெரியும். அப்படியே விட்டால் ஒருநாள் முழுத் தொங்கலில் முறுக்கு ஏறும்போது கிராஸ் உடையும். அந்த நிலையில் சறுக்கும் பல்லில் தண்டின் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்காவது பிடிப்பு மிச்சமிருக்க வேண்டும். மறுகோடியில், சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போது உள்ளே 25 மில்லிமீட்டர் இடம் வேண்டும். இல்லாவிட்டால் ஷாஃப்ட் கேஸின் பேரிங்கையே குத்தும். பல்லின் மேல் கேபிள் டை ஒன்றைக் கட்டி ஒரு மேடு பள்ளப் பாதையில் ஓட்டிவிட்டு வந்தால் அது எவ்வளவு தள்ளப்பட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். ஷாஃப்டை இரண்டாகப் பிரித்தவர்கள் குழாயில் குத்தியிருக்கும் அம்புக்குறிகளை நேருக்கு நேர் வைத்துச் சேர்க்கவும், ஒரு பல் மாறினாலும் உதறும். பினியன் யோக்கின் 1310 பட்டி போல்ட்டுகளுக்கு 19 நியூட்டன் மீட்டர்தான் இறுக்கம். "இன்னும் கொஞ்சம்" என்று முறுக்கினால் கிண்ணம் நசுங்கி ஊசிகள் பிடித்துக்கொள்ளும்.

இன்னும் உதறினால் பின் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு முன் சக்கரங்களில் மட்டும் சற்றுத் தூரம் ஓட்டிப் பார்க்கலாம். ஸ்லிப் யோக் வண்டியானால் அந்தத் துளையை முதலில் அடைக்கவும், இல்லையேல் ஆயில் முழுக்கச் சாலையில் போய்விடும். உதறல் நின்றால் ஷாஃப்டும் கோணமும் குற்றவாளி, நிற்காவிட்டால் டயரைப் பார்க்கவும். கிண்ணங்களின் ஓரத்தில் செம்மண் போன்ற தூள் ஒட்டியிருந்தால் அந்த ஜாயிண்ட் வறண்டு துருப்பிடித்துவிட்டது, கிரீஸ் அடித்து இனிப் பயனில்லை. நல்ல ஜாயிண்டுக்கு 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையும், தண்ணீரில் இறங்கிய ஒவ்வொரு முறையும், நான்கு கிண்ணத்திலும் புதுக் கிரீஸ் பிதுங்கும்வரை அடிக்கவும். டபுள் கார்டனின் நடுப் பந்துக்கு சாதாரணக் கிரீஸ் கன் முனை எட்டாது, ஊசி முனை தனியாக வாங்க வேண்டும். அது கிட்டில் வராது.